காட்டில் நாள் முழுக்க நடந்தும் ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவருடன் ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் இயற்கைக் காப்பகத்துக்குப் போயிருக்கிறீர்கள். காலை ஒன்பதரைக்குக் கிளம்பி, 18 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை, ஏறக்குறைய 600 மீட்டர் ஏற்றத்தோடு, மாலை நாலு மணிக்கு முடித்திருக்கிறீர்கள். தூரத்தில் பறந்த சில பறவைகளைத் தவிர எதுவும் தட்டுப்படவில்லை. போன மாதம் அதே பாதையில் போன ஒருவர் மான் கூட்டமும் கீரியும் பார்த்ததாகச் சொல்கிறார். "நாங்கள் சத்தம் போடவில்லை, சாதாரணமாகப் பேசிக்கொண்டுதான் நடந்தோம். தவறு எங்களிடமா, இல்லை அந்தக் காட்டில் ஒன்றுமே மிச்சமில்லையா? அடுத்த முறை தனியாகப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், உங்களை உறுத்துவது நடுவில் இருப்பதுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நீங்கள் கேட்ட அமைதி உயிருள்ள காட்டின் அமைதியா, எல்லாம் போய்விட்ட பிறகு மிஞ்சிய அமைதியா?

இருபது வருடங்களுக்கு மேலாக ஆட்களை இயற்கை நடைக்கு அழைத்துப் போகிறேன். விலங்குகளின் தடங்களைப் படிக்கவும் முறையாகக் கற்றிருக்கிறேன். அதை வைத்துச் சொல்வதானால், நீங்கள் எழுதியதில் காடு காலியாக இருந்தது என்பதற்கான சான்று எதுவும் இல்லை. அந்த நேரத்தில், அந்த வேகத்தில், பேச்சோடு நடந்த இரண்டு பேருக்கு நிறைந்த காடும் அப்படித்தான் தெரியும். அதே சமயம், காடு நன்றாக இருக்கிறது என்பதற்கும் உங்கள் ஒரு நாளில் சான்று இல்லை. இந்த இரண்டாவதையும் நான் விட்டுவிட மாட்டேன், பின்னால் வருகிறேன்.

முதலில் வேகம். மலையேறுபவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. 1892ல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு இதைப் போட்டுப் பார்த்தால் நடப்பதற்கு மட்டும் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவும் நல்ல உடல்வாகு உள்ளவர் நிற்காமல் நடந்தால். உங்களிடம் இருந்தது ஆறரை மணி நேரம். சாப்பிட்டது, மூச்சு வாங்க நின்றது, படம் எடுத்தது எல்லாவற்றையும் கழித்தால், ஒரு இடத்தில் பேசாமல், எதற்காகவும் இல்லாமல் நின்ற நேரம் என்று என்ன மிஞ்சியிருக்கும்? பத்து நிமிடம்கூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 18 கிலோமீட்டர் நடப்பது தன்னளவிலேயே ஒரு நல்ல நாள். உடம்புக்கு நல்லது, மனதுக்கும் நல்லது. ஆனால் அது தூரத்துக்கான நாள். விலங்கு பார்ப்பதற்கான நாளை வேறு மாதிரி போட வேண்டும்.

அடுத்தது நேரம். நீங்கள் உள்ளே நுழைந்த ஒன்பதரை மணிக்குப் பெரும்பாலான பாலூட்டிகள் காலை மேய்ச்சலை முடித்துவிட்டு நிழலுக்குள் ஒதுங்கியிருக்கும். நீங்கள் வெளியே வந்த நாலு மணிக்கு அவை இன்னும் எழுந்திருக்காது. நடு நாளின் வெயில் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. நாமும் ஒரு காரணம். 2018ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆறு கண்டங்களில் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய 76 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனித நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் விலங்குகளின் இரவு நேர இயக்கம் சராசரியாக 1.36 மடங்கு கூடியிருந்தது. அதாவது, தன் இயக்கத்தைப் பகலுக்கும் இரவுக்கும் சரிபாதியாக வைத்திருந்த ஒரு விலங்கு, நாம் வந்த பிறகு சுமார் 68 சதவீதத்தை இரவுக்குத் தள்ளிவிடுகிறது. இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. வேட்டை, விவசாயம் போன்றவற்றுக்கு மட்டுமல்ல, வெறுமனே நடந்து போகிறவர்களுக்கும் விலங்குகள் அதே மாதிரி விலகிப் போயின. நாம் தீங்கு செய்ய வரவில்லை என்று அவற்றுக்குத் தெரிய வழியே இல்லை.

மூன்றாவது, அந்தச் 'சாதாரணமாகப் பேசிக்கொண்டு நடந்தோம்'. உங்கள் கேள்வியில் நான் இரண்டு முறை படித்த வரி இதுதான். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காப் பகுதியில் நடந்து, 2023ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. நீர்நிலைகளுக்கு அருகே ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, ஒரு முறை சிங்கத்தின் உறுமலையும், இன்னொரு முறை மனிதர்கள் நிதானமாகப் பேசும் குரலையும் ஒலிக்கவிட்டார்கள். கத்தல் இல்லை, கூச்சல் இல்லை, வெறும் பேச்சு. 19 வகைப் பாலூட்டிகளைப் பார்த்ததில், சிங்கத்தின் ஒலியைவிட மனிதக் குரலுக்கு ஓடியவை இரண்டு மடங்கு. நீர்நிலையை விட்டு விலகிய வேகமும் 40 சதவீதம் அதிகம். இது ஒரு பகுதியில் கிடைத்த முடிவு. வேட்டையின் பழைய நினைவு இல்லாத இடத்திலும், மனிதர்களைப் பார்த்துப் பழகிப்போன விலங்குகளிடமும் அளவு மாறலாம். ஆனால் திசை மாறாது என்பதை என் கண்ணாலேயே எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சுள்ளி உடையும் சத்தத்துக்கு மான் தலையைத் தூக்கும். கொஞ்ச நேரம் காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு மறுபடியும் மேயும். இரண்டு வார்த்தை பேச்சு கேட்டால் மேய்ச்சலே முடிந்துவிடும்.

இதோடு இன்னொன்று சேர்கிறது. உங்களைப் பார்க்காத விலங்குக்கும் நீங்கள் வரும் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. சின்னப் பறவைகளும் அணில்களும் குரங்குகளும் ஆபத்தைக் கண்டால் ஒரு தனிக் குரல் கொடுக்கும். அந்தக் குரலை அதன் சொந்த இனம் மட்டும் கேட்பதில்லை. பக்கத்தில் இருக்கிற எல்லாமே கேட்கின்றன. வட அமெரிக்காவில் சிக்கடீ என்ற சிறு பறவையை ஆராய்ந்து 2005ல் வெளியிட்ட முடிவு இதில் மிக அழகானது. அது தன் பெயருக்குக் காரணமான அழைப்பின் கடைசியில் 'டீ-டீ' என்று சேர்க்கும். எதிரி எவ்வளவு ஆபத்தானதோ அவ்வளவு 'டீ' கூடும். பெரிய, மந்தமான ஆந்தைக்குக் குறைவு. சின்னப் பறவையைத் துரத்திப் பிடிக்கக்கூடிய குட்டி ஆந்தைக்கு அதிகம். இவ்வளவு நுணுக்கமாகச் செய்தி ஓடுகிற ஓர் இடத்தில் இரண்டு பேர் ஒரே சீராக, ஒரே வேகத்தில், சருகு நொறுங்க நடந்து வருவது ஒரு ஊர்வலம் மாதிரி. நீங்கள் ஒரு வளைவைத் திரும்புவதற்குள் அடுத்த வளைவில் எல்லாம் அடங்கியிருக்கும். நீங்கள் கேட்ட அமைதியில் ஒரு பங்கு உங்களைச் சுற்றி நீங்களே உண்டாக்கி, கூடவே எடுத்துப் போனது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. ஆரம்ப வருடங்களில் நானும் கிலோமீட்டர் கணக்குத்தான் வைத்திருந்தேன். குழுவை எவ்வளவு உள்ளே கொண்டுபோகிறேனோ அவ்வளவு காட்டலாம் என்று நம்பினேன். ஒரு முறை, பாதை தொடங்கி இரண்டு கிலோமீட்டர்கூட ஆகாத இடத்தில், கூட வந்த ஒரு அம்மாவுக்குக் கால் பிசகிவிட்டது. உடன் இருந்த இன்னொரு வழிகாட்டியோடு குழுவை அனுப்பிவிட்டு, ஓர் ஓடைத் திருப்பத்தில் பாறையில் அவரை உட்காரவைத்து, காலை நீட்டச்சொல்லி, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் பேசினோம். அப்புறம் அவருக்கு வலியில் பேசப் பிடிக்கவில்லை. சும்மா இருந்தோம். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே பறவைகள் கூப்பிட ஆரம்பித்தன. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து எதிர்க்கரையில் ஒரு பெண் மான் தண்ணீர் குடிக்க இறங்கியது, பின்னால் குட்டி. ஒரு கீரி எங்கள் பாறைக்குக் கீழே, கையெட்டும் தூரத்தில், சருகைக் கிளறிக்கொண்டே போனது. மீன்கொத்தி ஒன்று ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ஏழு முறை எண்ணினோம். மூன்று மணி நேரம் கழித்துக் குழு திரும்பி வந்து, இன்றைக்கு ஒன்றுமே இல்லை என்றார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு நான் நடத்துகிற எந்த நடையிலும் உட்காரும் நேரம் நடக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருந்ததில்லை.

எனவே அடுத்த முறைக்கு என் யோசனை இது. வெளிச்சம் வரும்போதே பாதையின் தொடக்கத்தில் இருங்கள், அதற்கு அனுமதி இருந்தால். 18 கிலோமீட்டருக்குப் பதில் நாலு கிலோமீட்டர் போதும். அதில் மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது நிமிடம், உட்காருங்கள். என் அனுபவத்தில், உட்கார்ந்து பதினைந்து இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் சின்னப் பறவைகள் பழைய வேலைக்குத் திரும்புகின்றன. பெரியவை வருவதென்றால் அதற்கும் பிறகுதான். இந்த நிமிடக் கணக்கை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காட்டுக்கும் இன்னொன்றுக்கும், ஒரு பருவத்துக்கும் இன்னொன்றுக்கும் வேறுபடும். ஆனால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர்கள் சரியாக அந்தக் கதவு திறக்கும் முன் கிளம்பிவிடுகிறார்கள்.

எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். இரண்டு விதமான இடம் சந்திக்கிற ஓரம் நல்லது: புல்வெளி முடிந்து மரங்கள் தொடங்கும் இடம், ஓடையும் புதரும் சேரும் இடம். முதுகுக்குப் பின்னால் ஒரு மரமோ பாறையோ இருக்கட்டும். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தனித்துத் தெரியக் கூடாது. தண்ணீர்த் துறைக்கு மிக அருகில் உட்கார வேண்டாம். வெயில் காலத்தில் அந்த ஒரு துறையை நம்பியிருக்கும் விலங்கை நாள் முழுக்கத் தாகத்தோடு காக்க வைத்துவிடுவீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். மலைச்சரிவில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெயில் ஏறியதும் சரிவை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறும். இரவிலும் விடியலிலும் குளிர்ந்து கீழே இறங்கும். ஆகவே விடியலில் நீங்கள் மேலே இருந்தால் உங்கள் வாடை முழுவதும் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும். பகல் ஏற ஏற அது தலைகீழாகும். பெரும்பாலான பாலூட்டிகள் கண்ணைவிட மூக்கை நம்புகின்றன என்பதால், இந்த ஒன்றைச் சரிசெய்தாலே நாள் மாறிவிடும்.

உட்கார்ந்த பிறகு கண்ணைக் குறிப்பாக எதன் மேலும் வைக்காமல், அகலமாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அசைவை முதலில் பிடிப்பது பார்வையின் ஓரம்தான். காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வையுங்கள்; முன்னால் இருந்து வரும் ஒலி எவ்வளவு கூடுகிறது என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும். சட்டையின் நிறத்தைப் பற்றி நிறையக் கேட்பார்கள். மானின் கண்ணில் நிற உணர்வுக்கு இரண்டு வகை உயிரணுக்கள்தான் உண்டு. ஆரஞ்சையும் சிவப்பையும் பச்சையிலிருந்து பிரித்தறிய அதனால் முடியாது, நீலம் நன்றாகத் தெரியும். எனவே மானுக்கு ஆரஞ்சுச் சட்டை பெரிய விஷயமில்லை, பளிச்சென்ற நீலம்தான் விஷயம். பறவைகள் நம்மைவிட அதிக நிறங்கள் காண்பவை, புற ஊதா உட்பட. ஆனால் உங்கள் சட்டை நிறம் ஒரு பறவையை எவ்வளவு தூரம் விரட்டும் என்பதில் ஆய்வுகள் ஒரே பக்கம் சாயவில்லை. கையை வெடுக்கென்று தூக்குவது எந்த நிறத்தையும்விட மோசம், அதில் சந்தேகம் இல்லை.

இனி, விலங்கே தெரியாவிட்டாலும் காடு பேசும் இடம் ஒன்று இருக்கிறது: தரை. உங்கள் 18 கிலோமீட்டரில் ஈரமண் உள்ள ஓடைக்கரை இருந்திருக்கும். அங்கே குனிந்து பார்த்தீர்களா? காலை, மாலைச் சாய்வெயிலில், தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே இருக்கும்படி நின்றால், உச்சி வெயிலில் கண்ணுக்குத் தப்பும் பள்ளங்கள்கூட நிழல் கட்டித் தெரியும். வட்டமான பாதத் தடத்தில் நகக்குறி இல்லாமல், விரல்களுக்குப் பின்னால் உள்ள பெரிய திண்டின் பின் ஓரம் மூன்று வளைவாக இருந்தால் பூனை இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். நகக்குறி இருந்து, தடம் நீளவாக்காக இருந்தால் நாய் இனம். வழுக்கும் சேற்றில் பூனையும் நகத்தை ஊன்றும், அதனால் ஒரே ஒரு தடத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. பத்துத் தடங்களாவது தொடர்ந்து பாருங்கள். கடித்த தளிரும் சாட்சி சொல்லும். மானுக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது. இலையைப் பிடித்துப் பிய்க்கும், அதனால் காம்பின் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்தது கத்தியால் சாய்வாக வெட்டியது போல இருக்கும். புழுக்கை ஈரமாகப் பளபளக்கிறதா, காய்ந்து வெளுத்துவிட்டதா என்று பார்த்தால் அது எவ்வளவு பழையது என்று ஓரளவு ஊகிக்கலாம், மழையும் வெயிலும் இதைக் குழப்பும் என்றாலும். ஒரு மரத்தடியில் எலும்பும் ரோமமும் உருண்டையாகக் கிடந்தால் நிமிர்ந்து பாருங்கள், மேலே ஆந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். இவற்றையெல்லாம் பார்க்க ஒரு விலங்கும் உங்களுக்கு ஒத்துழைக்க வேண்டியதில்லை. 'மிச்சம் ஏதாவது இருக்கிறதா' என்ற உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கும் இடம் இதுதான்.

சரி, நான் தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். காடுகள் உண்மையிலேயே காலியாவது உண்டு. 1992ல் கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற சூழலியலாளர் இதற்கு 'காலியான காடு' என்றே பெயர் வைத்தார். மரங்கள் உயர்ந்து நிற்கும், மேலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்று இருக்கும், உள்ளே பெரிய விலங்குகள் வேட்டையாடப்பட்டு முடிந்திருக்கும். விதையை விழுங்கித் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும் பறவையும் விலங்கும் இல்லாமல் போனால், அந்த மரங்களின் அடுத்த தலைமுறையும் மெல்ல மாறிப்போகும். ஆகவே உங்கள் பயம் அர்த்தமில்லாத பயம் அல்ல. அதைக் கேட்டதற்காகவே உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஆனால் ஒரு நாள் நடையால் இதற்குத் தீர்ப்பு சொல்ல யாராலும் முடியாது, நான் கூட வந்திருந்தாலும் முடியாது. 'பார்க்கவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் வேறு வேறு. ஆராய்ச்சியாளர்கள் இதனாலேயே ஒரே இடத்துக்குப் பல முறை போகிறார்கள், தானியங்கிக் கேமராக்களை வாரக்கணக்கில் கட்டி வைக்கிறார்கள், ஓர் இனம் அங்கே இருந்தும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பதையே தனியாகக் கணக்கிடுகிறார்கள். உங்களால் செய்ய முடிந்தது, தரையைப் பார்ப்பதும் அங்கே வருடக்கணக்கில் வேலை செய்கிற வனக்காவலரிடம் பேசுவதும். 'என்ன பார்க்கலாம்' என்று கேட்காமல், 'பத்து வருடத்துக்கு முன்னால் இருந்து இப்போது குறைந்தது எது' என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் பதில் கனமாக இருக்கும்.

போன மாதம் அதே பாதையில் போனவர் பார்த்த மான் கூட்டத்தைப் பற்றி: அவர் எத்தனை மணிக்குப் போனார், காற்று எப்படி இருந்தது, பருவம் என்ன என்று தெரியாமல் ஒப்பிடவே கூடாது. ஒரு மாதத்தில் ஒரு புல்வெளி காய்ந்துபோனால் மான் கூட்டம் முழுவதும் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.

இன்னும் இரண்டு விஷயங்களில் பலர் உறுதியாகப் பேசுவார்கள், ஆனால் அங்கே தரை அவ்வளவு கெட்டியாக இல்லை. ஒன்று, விடியலில் பறவைகள் ஏன் அவ்வளவு பாடுகின்றன என்பது. காற்று அடங்கியிருப்பதால் ஒலி தெளிவாகப் போகும் என்பார்கள். வெளிச்சம் போதாமல் இரை தேட முடியாத நேரத்தைப் பாட்டுக்குப் பயன்படுத்துகின்றன என்பார்கள். இரவைத் தாண்டி வந்த தெம்பைத் துணைக்கும் எதிரிக்கும் காட்டுகின்றன என்பார்கள். எல்லாமே கொஞ்சம் பொருந்துகின்றன, எதுவும் முழுதாகத் தீர்க்கவில்லை. இரண்டு, காட்டு நடை மனதுக்குச் செய்யும் நன்மை. 2015ல் வெளியான ஓர் ஆய்வில் 38 பேர் கலந்துகொண்டார்கள். இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும் பழக்கம் சற்றுக் குறைந்திருந்தது. போக்குவரத்து நிறைந்த சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் விவரம் சேகரித்து 2019ல் வெளியிட்ட இன்னொன்று, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் இருப்பவர்கள் தங்கள் உடல்நலத்தை நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்றது. முதலாவது சிறியது, இரண்டாவதில், நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நான் நம்புகிறேன், என் வாழ்க்கையே அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் மரத்தின் வாசனை நோயைக் குணமாக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த அளவுக்குச் சான்று இல்லை.

நாம் அங்கே போவதால் ஆகும் செலவையும் சொல்லாமல் விட முடியாது. மனிதர்களின் பொழுதுபோக்கு நடமாட்டம் விலங்குகளை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்த 274 கட்டுரைகளைத் தொகுத்து 2016ல் ஓர் அலசல் வந்தது. அவற்றில் 93 சதவீதத்துக்கும் மேல் ஏதாவது ஒரு தாக்கத்தைக் கண்டிருந்தன. அந்தத் தாக்கங்களில் பாதிக்கு மேல் கெடுதலானவை. இதற்காக யாரும் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். காட்டைப் பார்த்தே இராதவர் அதற்காகப் பேச மாட்டார். ஆனால் போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். விலங்குகள் பாதையில் வருகிறவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கில் வைத்துக்கொள்கின்றன. பாதையை விட்டு உள்ளே வருகிறவரைத்தான் அவற்றால் முன்கூட்டி அறிய முடியாது. கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அடைகாக்கும் காலத்தில் தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பறவை கூட்டை விட்டு ஓடிவருகிறது; நமக்கு ஒரு படம் கிடைக்கிறது, முட்டை குளிர்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பறவை வாயில் இரையோடு பக்கத்துக் கிளையில் நின்று உங்களையே பார்த்துக் கத்தினால், கூட்டுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மெதுவாக எழுந்து நகர்ந்துவிடுங்கள்.

தனியாகப் போகலாமா என்ற கேள்வியில்தான் நான் மிக ஜாக்கிரதையாக இருக்கிறேன், ஏனென்றால் நீங்கள் போகும் இடத்தை நான் பார்த்ததில்லை. மேலே சொன்ன 'சத்தமில்லாமல் இருங்கள்' என்பது எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது. கரடி உலவும் இடங்களில், அதுவும் புதர் அடர்ந்த வளைவுகளிலும் ஓடைச் சத்தம் மற்றதை விழுங்கிவிடும் இடங்களிலும், வருவது தெரியும்படி குரல் கொடுத்துக்கொண்டு நடக்கச் சொல்வதுதான் சரியான அறிவுரை. திடீரென்று எதிர்ப்பட்ட கரடி, அதிலும் குட்டியோடு இருக்கும் கரடி, ஓடுவதற்குப் பதில் தாக்கலாம். யானை, காட்டெருது போன்ற பெரிய விலங்குகள் உள்ள காட்டில் அந்த இடத்தை அறிந்த துணை இல்லாமல் போகவே வேண்டாம். காப்பகத்தில் வேலை செய்பவர்கள் சொல்வதும் நான் சொல்வதும் முரண்பட்டால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பெரிய ஆபத்து இல்லாத, குறியிட்ட பாதையுள்ள சிறு காப்பகம் என்றால், தனியாகப் போவது நல்ல அனுபவம். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மணிக்கு அரை லிட்டர் என்று தண்ணீர் வைத்துக்கொண்டால் மிதமான வெயிலில் போதும். கடும் வெயிலில் போதாது. உயரம் ஏறினால் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 6.5 டிகிரி குளிரும், அதோடு அசையாமல் உட்காரும் உடம்பு நடக்கும் உடம்பைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோகும். ஓர் அடுக்குத் துணி கூடுதலாக எடுத்துப் போங்கள். இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மேட்டையும் தனி மரத்தையும் விட்டு இறங்குங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப ஏறாதீர்கள். சூரியன் மறையும் நேரத்தை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள். மரங்களுக்குள் இருட்டு அதற்கு வெகு முன்பே வந்துவிடும். நெற்றி விளக்கு பகல் நடைக்கும் பையில் இருக்கட்டும்.

நண்பரோடுதான் போகப் பிடிக்கும் என்றால் போங்கள். உட்காரும் மூன்று இடங்களிலும், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், முப்பது அடி தள்ளித் தள்ளி உட்காருங்கள். பேச வேண்டியதை நடு வழிச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போய், ஒவ்வொரு இடத்திலும் முதல் பதினைந்து நிமிடத்தில் காதில் விழுந்ததை ஒரு பக்கத்திலும், அடுத்த பதினைந்து நிமிடத்தில் விழுந்ததை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'இரண்டு தட்டு, ஒரு இழுப்பு' என்று கேட்டபடி எழுதினால் போதும். தரையில் கண்ட தடங்களைப் பக்கத்தில் ஒரு குச்சியோ பேனாவோ வைத்து, அளவு தெரியும்படி, படம் எடுங்கள். இதே இடத்துக்கு வேறு வேறு பருவங்களில் மூன்று முறை போய்விட்டு அந்த நோட்டோடு மறுபடி கேளுங்கள். அந்தக் காட்டைப் பற்றி அப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து உருப்படியாகப் பேசலாம்.